மதில் நின்ற இடத்தில் ஓடும் மெத்ரோ

1

பாரிசின் 2ஆம் இலக்க மெத்ரோ பெரும்பாலும் நிலத்துக்குக் கீழேதான் ஓடுகிறது. நான்கு நிறுத்தங்களில் மட்டும் இரும்புத் தூண்களின் மேலேறி வெளிச்சத்துக்கு வருகிறது: பார்பெஸ், லாச்சப்பல், ஸ்ராலின்கிராட், ஜோரெஸ். இவற்றில் இரண்டாவதன் காலடியில் எண்பதுகளிலிருந்து வளர்ந்ததுதான் எங்கள் கடைத்தெரு. ஃபோபூர் சென் டெனி வீதி, கய் வீதி, பெர்டோனே வீதி, லூயி பிளாங் வீதி என்று அது பரவியது. மரக்கறி, மீன், புடவை, நகை, பாட்டுக் கசற், பிறகு தொலைபேசி அட்டை என்று காலத்துக்குக் காலம் அங்கே விற்கப்பட்ட பொருட்களைப் பற்றி எம்மவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தத் தூண்கள் ஏன் அந்தக் கோட்டில் நிற்கின்றன என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

அது ஒரு மதிலின் கோடு. மன்னனுக்கு வரி வசூலித்துக் கொடுக்கும் குத்தகையைப் பெற்றிருந்த செல்வந்தர்கள், பாரிசுக்குள் வரும் வைனும் இறைச்சியும் விறகும் வரி கட்டாமல் தப்பிவிடக்கூடாது என்பதற்காக, 1784இல் தொடங்கி நகரத்தைச் சுற்றிச் சுமார் 24 கிலோமீற்றர் நீளத்துக்கு மதில் எழுப்பினார்கள். வாசலுக்கு வாசல் சுங்கச்சாவடி. க்ளோட் நிக்கொலா லெதூ என்ற கட்டடக்கலைஞர் அச்சாவடிகளைப் பண்டைய உரோமக் கோவில்களின் சாயலில், கனத்த தூண்களோடு கட்டினார். அவற்றில் ஒன்று ஸ்ராலின்கிராட் நிறுத்தத்துக்கு அருகே வட்டக் கட்டடமாக இன்றும் நிற்கிறது. லாச்சப்பல் அந்நாளில் பாரிசைச் சேர்ந்ததல்ல. மதிலுக்கு வெளியே கிடந்த ஒரு கிராமம். 1860இல் பாரிசின் எல்லை விரிக்கப்பட்டு மதில் இடிக்கப்பட்டபோதுதான் அது நகரத்தோடு சேர்ந்தது. மதில் நின்ற நிலம் அகன்ற வீதியாயிற்று. அந்த வீதியின் வடக்குப் பாதியைப் பின்பற்றி 1903இல் மெத்ரோ ஓடத் தொடங்கியது.

1789 யூலை 14 என்றதும் எல்லோருக்கும் பஸ்தீய் சிறை ஞாபகத்துக்கு வரும். ஆனால் அதற்கு முந்திய இரண்டு மூன்று இரவுகளில் பாரிசின் ஏழைகள் தீ வைத்தது இந்தச் சுங்கச்சாவடிகளுக்கு. சிறைக்குள் அன்று இருந்தவர்கள் ஏழே ஏழு பேர். வரி மதிலோ நகரத்தில் சாப்பிடுகிற, குடிக்கிற ஒவ்வொருவரையும் தொட்டது. 1791இல் புரட்சி அந்த வரியை ஒழித்தது. 1798இல் அதே புரட்சியின் குடியரசு, அதே மதிலின் அதே வாசல்களில் ஆட்களை நிறுத்தி மீண்டும் வரி வாங்கத் தொடங்கியது. கிளர்ச்சி செய்தவர்கள் ஆட்சிக்கு வந்ததும் முதலில் செய்கிற வேலைகளில் ஒன்று, இடிந்த மதிலைப் பழுதுபார்ப்பது. இந்தக் கட்டுரை முழுவதும் இதைத்தான் வேறு வேறு உதாரணங்களில் பார்க்கப் போகிறோம்.

2

லாச்சப்பலிலிருந்து பார்பெஸ் பக்கமாக நடந்தால் லாரிபுவாசியேர் ஆஸ்பத்திரியின் நீண்ட சுவர் வரும். எம்மவரில் பலர் அதன் அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுகளைக் கழித்தவர்கள். 1848இல் அது கட்டி முடியாத கட்டடம். சுற்றியிருந்த வெளியைக் குளோ சென் லாசார் என்றார்கள். அவ்வாண்டு பெப்ரவரியில் மன்னராட்சி கவிழ்ந்து குடியரசு வந்தது. வேலையற்றோருக்காகக் குடியரசு திறந்த வேலைத்தளங்களை அதே குடியரசு யூன் மாதத்தில் மூட முனைந்தபோது கிழக்குப் பாரிசும் வடக்குப் பாரிசும் எழுந்தன. லாச்சப்பலின் ரயில்வே தொழிலாளரும் தடுப்பரண்களில் நின்றார்கள். குளோ சென் லாசார் மூன்று நாட்கள் தாக்குப்பிடித்தது.

அவர்களை அடக்கியவர்கள் யார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. தலைமை தாங்கிய தளபதி கவெய்ஞாக். அவரோடு நின்றவர் தளபதி லாமொரிசியேர். இருவரும் அல்ஜீரியாவில் பெயரெடுத்தவர்கள். 1830இல் தொடங்கிய அந்த ஆக்கிரமிப்பில் கிராமங்களை எரிப்பதும் பயிரை அழிப்பதும் பழகிய படையணித் தலைவர்கள், அதே கையோடு தங்கள் தலைநகரத் தொழிலாளரின் மேல் பீரங்கியைத் திருப்பினார்கள். பிடிபட்டவர்களில் ஒரு பகுதியினரை அல்ஜீரியாவுக்கே நாடுகடத்தினார்கள். பேரரசு தூரத்தில் நடக்கிற விஷயம் என்று நினைப்பவர்கள் இந்த ஆஸ்பத்திரிச் சுவரை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். தூரத்தில் பழகியதை வீட்டில் பிரயோகிக்க அதற்கு அதிக காலம் எடுப்பதில்லை.

அடுத்த நிறுத்தத்துக்குப் பெயர் தந்த அர்மான் பார்பெஸ் அந்த யூன் எழுச்சியின்போது சிறையில் இருந்தார். 1809இல் கரிபியன் தீவான குவாதெலூப்பில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1839 மே மாதத்தில் பிளாங்கியோடு சேர்ந்து பாரிசில் ஆயுதக் கிளர்ச்சி செய்து தோற்று மரணதண்டனை விதிக்கப்பட்டவர். தண்டனை ஆயுட்சிறையாக மாறியது. 1848 பெப்ரவரி அவரை விடுதலை செய்தது. மே 15 அன்று போலந்து மக்களின் விடுதலைக்கு உதவு என்று கோரிச் சென்ற கூட்டம் தேசிய சபைக்குள் நுழைந்தது. அன்றைய குழப்பத்தில் பார்பெஸ் மாநகர மண்டபத்துக்குப் போய்ப் புதிய அரசை அறிவித்தார். மீண்டும் ஆயுட்சிறை. 1854இல் மூன்றாம் நெப்போலியன் அவரை விடுவித்தபோது, பேரரசனின் கருணை எனக்கு வேண்டாம் என்றார். வெளியே தள்ளப்பட்டபின் தானாகவே நாட்டைவிட்டு நீங்கினார். 1870இல் டென் ஹாக் நகரில் அகதியாகவே இறந்தார். சில வாரங்களில் அந்தப் பேரரசும் விழுந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவரின் பெயர் வீதிக்கு வைக்கப்பட்டது.

நிறுத்தத்தின் முழுப்பெயர் பார்பெஸ்-ரோஷுவார். ரோஷுவார் என்பது மொன்மார்த்ர் கன்னியர் மடத்தின் தலைவியாக இருந்த பிரபுகுலப் பெண்ணின் பெயர். அரசனை எதிர்த்தவனையும் பிரபுகுலத்து மடத்தலைவியையும் ஒரு சிறு கோடு போட்டு இணைத்திருக்கிறார்கள். செத்தவர்கள் இருவருமே இனி யாருக்கும் தொல்லை தரமாட்டார்கள் என்று அந்தக் கோட்டுக்கு அர்த்தம் கொள்ளலாம்.

3

கிழக்கே போனால் ஜோரெஸ். அந்த நிறுத்தத்தின் பழைய பெயர் ஜெர்மனி வீதி. 1914 யூலை 31 இரவு மொன்மார்த்ர் வீதியின் உணவகம் ஒன்றில் சோசலிசத் தலைவர் ஜோன் ஜோரெஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜெர்மனியோடு போர் வேண்டாம், இரு நாட்டுத் தொழிலாளரும் சேர்ந்து அதைத் தடுக்கவேண்டும் என்று கடைசிவரை ஓடித்திரிந்தவர். சுட்டவன் ராவுல் விலான் என்ற தேசியவாத இளைஞன். போர் தொடங்கியது. எதிரி நாட்டின் பெயர் பாரிசின் வீதியில் இருக்கலாகாது என்று ஜெர்மனி வீதியின் பெயரை அவ்வாண்டே நீக்கினார்கள். அந்த இடத்துக்கு வைத்த பெயர் ஜோரெஸ்! ஜெர்மனிக்கு எதிரான போரை எதிர்த்ததற்காக இறந்தவனின் பெயரைக்கொண்டே ஜெர்மனியின் பெயரை அழித்தார்கள். 1919 மார்ச்சில் விலான் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டான். வழக்குச் செலவு ஜோரெசின் மனைவி தலையில் விழுந்தது. 1924இல் ஜோரெசின் உடலை ஊர்வலமாகக் கொண்டுபோய்த் தேசியத் தலைவர்கள் துயிலும் பாந்தியோனில் வைத்தார்கள். துரோகி என்று கொல்லப்பட்டவன் தியாகியாகப் பத்து ஆண்டுகளும் பதின்மூன்று லட்சத்துக்குக் குறையாத பிரெஞ்சு உயிர்ப்பலியும் தேவைப்பட்டன என்று சொன்னால் மிகையில்லை. சுட்டிருக்காவிட்டால் அவன் சொன்னதைக் கேட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம். சுட்டபிறகு கேட்பதற்கு யாரும் இருக்கவில்லை.

அதற்கடுத்த நிறுத்தம் கேணல் ஃபாபியன். இயற்பெயர் பியர் ஜோர்ஜ். இதே வடகிழக்குப் பாரிசில் 1919இல் பிறந்த தொழிலாளி வீட்டுப் பிள்ளை. பதின்ம வயதில் ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் போனவர். 1941 ஓகஸ்ட் 21 காலை, பார்பெஸ் நிறுத்த மேடையில் ஜெர்மன் கடற்படை இளநிலை அதிகாரி ஒருவரைச் சுட்டு வீழ்த்தினார். ஆக்கிரமிப்பாளர்களும் அவர்களோடு ஒத்துழைத்த விஷி அரசும் பயன்படுத்திய சொல் பயங்கரவாதி. விஷி அரசு விசேட நீதிமன்றங்களை அமைக்கும் சட்டத்தை எழுதி, அதற்குக் கொலைக்கு முந்திய தேதியைப் போட்டது. ஒரு வாரத்தில் அச்சம்பவத்தோடு சம்பந்தமே இல்லாத மூன்று கம்யூனிஸ்டுகளின் தலைகள் கில்லட்டினில் விழுந்தன. அடுத்த ஆண்டு ஃபாபியனின் தந்தையும் சுடப்பட்டார். சாதாரண மக்கள் பணயமாகப் பலியாவதைக் கண்டு, இப்போதைக்கு ஜெர்மனியரைக் கொல்லவேண்டாம் என்று லண்டனிலிருந்து ட கோல் 1941 ஒக்ரோபரில் வானொலியில் கேட்டுக்கொண்டார். எதிர்ப்பியக்கத்துக்குள்ளேயே இது பெரும் விவாதம். 1944 டிசெம்பரில் அல்சாஸ் போர்முனையில் கண்ணிவெடி ஒன்றில் ஃபாபியன் இறந்தபோது வயது இருபத்தைந்து. 1945இல் நிறுத்தம் அவர் பெயரைப் பெற்றது.

பயங்கரவாதி என்ற சொல்லுக்கும் கேணல் என்ற சொல்லுக்கும் இடையில் இருந்தது நான்கு வருடமும் ஒரு வெற்றியும். ஜெர்மனி வென்றிருந்தால் அந்த நிறுத்தம் இன்று யார் பெயரில் இருந்திருக்கும் என்று கேட்பதில் பெரிய கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. ஆனால் தோற்றவர்களாகிய நாம் அந்தக் கேள்வியைக் கடந்து போகவும் முடியாது.

4

தோற்றவனுக்கும் பெயர் வைத்த இடம் பாரிசில் உண்டு. பார்பெசில் இறங்கி 4ஆம் இலக்க மெத்ரோவில் தெற்கே போனால் அலேசியா வரும். கிறிஸ்துவுக்கு முன் 52இல் கோல் நாட்டுக் குடிகளைத் திரட்டி உரோமரை எதிர்த்த வெர்சின்ஜெத்தோரிக்ஸ், யூலியஸ் சீசரின் முற்றுகைக்குள் அகப்பட்டுச் சரணடைந்த ஊரின் பெயர் அது. ஆறு வருடம் உரோமச் சிறையில் கிடந்து, கி.மு. 46இல் சீசரின் வெற்றி ஊர்வலத்தில் காட்சிப்பொருளாக நடத்தப்பட்டபின் கொல்லப்பட்டான். கோல் உரோம மாகாணமாயிற்று. அதன்பின் ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் அவனைப் பற்றிப் பெரிதாகப் பேசியவர் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சுக்கு ஒரு பழைய தேசிய வீரன் தேவைப்பட்டான். தேடி எடுத்தவன் பேரரசன். மூன்றாம் நெப்போலியன் சீசரைப் பற்றித் தானே ஒரு நூல் எழுதியவன். அலேசியா இருந்த இடத்தை 1861இலிருந்து தோண்டச் செய்து, 1865இல் வெர்சின்ஜெத்தோரிக்சுக்குப் பிரமாண்டமான சிலை எழுப்பினான். சிலையின் முகத்தில் பேரரசனின் சாயல் இருக்கிறது என்று பலர் கண்டார்கள். சீசரும் நானே, சீசரை எதிர்த்தவனும் நானே என்பதுதான் அதன் பொருள். அதே ஆண்டுகளில் அவன் படைகள் அல்ஜீரியாவில் நின்றன, வியட்நாமின் தென்பகுதியைப் பிடித்தன, மெக்சிக்கோவில் ஒரு பொம்மைப் பேரரசனை வைத்திருந்தன. எங்கள் மூதாதையர் கோல்காரர் என்ற பாடம் பின்னாளில் ஆபிரிக்காவின் கறுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கப்பட்டது. பேரரசை எதிர்த்த பழங்காலத்து ஒருவனை வணங்கு, ஆனால் எங்களை எதிர்க்காதே!

இதில் பிரெஞ்சுக்காரரை மட்டும் பரிகசிக்க எமக்கு உரிமை இல்லை. நல்லூர் முத்திரைச் சந்தியில் குதிரைமேல் சங்கிலியன் நிற்கிறான். யாழ்ப்பாண அரசர்களில் சங்கிலி என்ற பெயருடையோர் இருவர். முன்னவன் 1544இல் மன்னாரில் கத்தோலிக்க மதத்துக்கு மாறிய தன் குடிகளையே வெட்டினான். அறுநூறு பேரளவில் என்று கிறிஸ்தவ ஏடுகள் கூறும். அவர்களும் தமிழர்கள், கரையோர ஏழைகள். பின்னவன் 1619இல் போர்த்துக்கீசரிடம் பிடிபட்டு 1623இல் கோவாவில் கொல்லப்பட்டான். எங்கள் பேச்சிலும் மேடைகளிலும் இருவரும் கலந்து ஒரே வீரனாகிவிட்டார்கள். கோவாவில் இறந்தவனுக்காக நாம் சிந்தும் கண்ணீர் மன்னாரில் இறந்தவர்களையும் சேர்த்துக் கழுவிவிட்டது.

5

எண்பதுகளின் இயக்க வகுப்புகளில் பாரிஸ் கம்யூன் ஒரு பாடமாக இருந்தது. 1871 மார்ச் 18இல் மொன்மார்த்ர் குன்றில் தொடங்கி மே 28இல் பெல்வில், பேர் லாஷேஸ் பகுதிகளில் இரத்தத்தில் முடிந்த எழுபத்திரண்டு நாட்கள். அந்தக் கடைசி இடங்களும் இதே 2ஆம் இலக்கப் பாதையில்தான் இருக்கின்றன. பேர் லாஷேஸ் மயானத்தின் மதிலோரம் 147 பேரை வரிசையாக நிறுத்திச் சுட்ட இடத்துக்கு இன்றும் மக்கள் பூ வைக்கிறார்கள். நாம் படித்த பாடம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எமக்கு இன்னும் தேவையானது.

கம்யூனுக்கு இரண்டு நாள் முன்னர், 1871 மார்ச் 16இல், அல்ஜீரியாவின் கபிலியாவில் மொக்ரானி என்ற தலைவனின் கீழ் பெரும் கிளர்ச்சி வெடித்தது. இரண்டையும் அடக்கியது ஒரே வெர்சாய் அரசு. தோற்ற கம்யூன்காரர்களில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் பசிபிக் சமுத்திரத்தில் உள்ள நியூ கலிடோனியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். கபிலியக் கிளர்ச்சிக்காரர் சிலரும் அதே தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். பாரிசின் தொழிலாளியும் கபிலியாவின் விவசாயியும் ஒரே கடலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

1878இல் அந்தத் தீவின் சொந்த மக்களான கனாக்கியர், தங்கள் காணிகளைக் குடியேற்றக்காரர் விழுங்குவதைத் தாங்கமாட்டாமல் அத்தாய் என்ற தலைவனின் கீழ் எழுந்தார்கள். அப்போது கம்யூன் கைதிகள் என்ன செய்தார்கள்? தங்களை நாடுகடத்திய அரசின் பக்கமே பலர் நின்றார்கள். ஆயுதம் வாங்கிக்கொண்டு கனாக்கியரை வேட்டையாடவும் சிலர் போனார்கள். கபிலியரிலும் அப்படிப் போனவர் உண்டு. கனாக்கியரின் பக்கம் நின்று பேசியவர்கள் சிலரே. அவர்களில் ஒருவர் லூயிஸ் மிஷேல். மொன்மார்த்ரில் பள்ளி ஆசிரியையாக இருந்து, கம்யூனில் துப்பாக்கி ஏந்தி, 1873இல் நாடுகடத்தப்பட்டவர். சக கைதிகள் அவரை ஆச்சரியத்தோடும் எரிச்சலோடும் பார்த்தார்கள். அத்தாய் 1878 செப்ரெம்பரில் கொல்லப்பட்டான். அவன் தலை வெட்டப்பட்டுப் பாரிசுக்கு அனுப்பப்பட்டது. அத்தலை அவன் மக்களிடம் திரும்பிப் போனது 2014இல்.

1880இல் கம்யூன்காரருக்குப் பொதுமன்னிப்பு வந்தது. கப்பல்களில் திரும்பிவந்தார்கள். கபிலியருக்கு அந்த மன்னிப்பு இல்லை. அவர்கள் மேலும் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். ஒரே அரசை எதிர்த்த இரு கிளர்ச்சிகளில் ஒன்றை அந்த அரசு குடும்பச் சண்டையாக எண்ணி மன்னித்துவிட்டது. மற்றதை அந்நியரின் குற்றமாகவே வைத்திருந்தது. இன்று லூயிஸ் மிஷேலுக்குப் பாரிஸ் எல்லையில் ஒரு மெத்ரோ நிறுத்தம் இருக்கிறது. மொக்ரானிக்கோ அத்தாய்க்கோ நிறுத்தம் ஒன்றும் இல்லை.

6

தமிழர்களும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். லாச்சப்பல் நிறுத்தத்திலிருந்து வடக்கே பிள்ளையார் கோவில் பக்கமாகப் போகிற பெரிய வீதிக்கு மார்க்ஸ் டோர்முவா என்று பெயர். அவர் 1936 யூனில் ஆட்சிக்கு வந்த மக்கள் முன்னணி அரசில் பிரதமர் லெயோன் புளூமுக்கு அருகிலிருந்த துணை அமைச்சர். பின்னர் உள்நாட்டு அமைச்சரானார். குடியரசைக் கவிழ்க்கச் சதிசெய்த தீவிர வலதுசாரிக் குழுவை 1937இல் அம்பலப்படுத்தினார். 1940 யூலையில் பெத்தேனுக்கு முழு அதிகாரம் கொடுக்க மறுத்து வாக்களித்த 80 பேரில் ஒருவர். 1941 யூலையில் மொன்தெலிமாரில் கட்டிலுக்குக் கீழே வைத்த குண்டினால் கொல்லப்பட்டார். மதிப்புக்குரிய மனிதர்.

அந்த மக்கள் முன்னணியின் முதல் மாதத்தில் பிரான்ஸ் முழுவதும் தொழிலாளர் தொழிற்சாலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். யூன் 7இல் கையெழுத்தான ஒப்பந்தத்தையும் தொடர்ந்து வந்த சட்டங்களையும் கொண்டு வாரம் 40 மணி நேர வேலையையும் சம்பளத்தோடு இரு வார விடுமுறையையும் பெற்றனர். அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த புதுச்சேரியில் பஞ்சாலைத் தமிழர்களும் நாளுக்கு 8 மணி நேர வேலை கேட்டு ஆலைக்குள் அமர்ந்தார்கள். வ. சுப்பையா அவர்களின் தலைவர்களில் முக்கியமானவர். 1936 யூலை 30 அன்று அவர்கள்மேல் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. பன்னிரண்டு தொழிலாளர் இறந்தார்கள். பாரிசில் சிவப்புக் கொடி பறந்துகொண்டிருந்த அதே கோடை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் 8 மணி நேரம் சட்டமாயிற்று. புதுச்சேரியில் யூலை 30 இன்றும் தியாகிகள் தினம். பாரிசில் 1936ஐப் பற்றி எத்தனையோ புத்தகங்களும் படங்களும் உண்டு. முதன்முறை கடற்கரைக்கு விடுமுறை போன தொழிலாளியின் சைக்கிள் அவற்றில் எல்லாம் வரும். புதுச்சேரியின் பன்னிரண்டு பேர் வருவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

டோர்முவா கொடியவர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நல்ல மனிதர்கள் இருக்கிற, நியாயமான கிளர்ச்சியால் வந்த அரசும் தன் பேரரசின் எல்லையில் என்ன செய்யும் என்பதற்காகச் சொல்கிறேன். 1848இல் இருந்த மதில் 1936இலும் இருந்தது. இம்முறை அது கடலுக்கு அப்பால் நின்றது.

2ஆம் இலக்கப் பாதை நசியோன் சதுக்கத்தில் முடிகிறது. நசியோன் என்றால் தேசம். 1953 யூலை 14, குடியரசின் பிறந்தநாள் ஊர்வலத்தில் அங்கே வந்துசேர்ந்த அல்ஜீரியத் தொழிலாளர்மீது பொலிசார் சுட்டதில் ஆறு அல்ஜீரியரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் இறந்தனர். 1961 ஒக்ரோபர் 17 இரவு, தங்கள்மீது மட்டும் போடப்பட்ட ஊரடங்கை எதிர்த்து வெறுங்கையோடு வந்த அல்ஜீரியரில் பதினோராயிரத்துக்கு மேற்பட்டோர் கைதானார்கள். லாச்சப்பலுக்கு அருகிலுள்ள கூத் தோர் போன்ற பகுதிகளிலிருந்து போனவர்களும் அவர்களுள் இருந்தார்கள். எத்தனை பேர் அடித்தும் சுட்டும் சேன் நதியில் எறியப்பட்டும் இறந்தார்கள் என்பதில் இன்றுவரை ஆய்வாளர்களிடையே ஒருமித்த தொகை இல்லை. பொலிஸ் தலைமை அதிபராக இருந்தவர் மொரிஸ் பப்போன். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது போர்தோவிலிருந்து யூதர்களை நாடுகடத்த உதவியதற்காக 1998இல் தண்டனை பெற்றவர் அவர்தான். அக்டோபர் இரவுக்காக அவர் ஒருநாளும் தண்டிக்கப்படவில்லை. நான்கு மாதம் கழித்து, 1962 பெப்ரவரி 8இல், அல்ஜீரியப் போரை எதிர்த்த ஊர்வலத்தின்போது ஷரோன் மெத்ரோ வாசலில் பொலிஸ் தாக்குதலால் ஒன்பது பிரெஞ்சுக்காரர் இறந்தனர். அவர்களின் இறுதி ஊர்வலத்துக்கு லட்சக்கணக்கில் மக்கள் வந்தார்கள். அவர்கள் நியாயத்துக்காகவே இறந்தார்கள். ஆனாலும் ஒக்ரோபரில் இறந்தவர்களுக்கு அப்படி ஒரு ஊர்வலம் இல்லை. நினைவுப் பலகை வரவே 2001 ஆயிற்று.

7

இவ்வளவையும் பாரிசின் சங்கதியாக மட்டும் எழுதி முடிப்பது நேர்மையாகாது. லாச்சப்பலின் சுவர்களும் பல ஆண்டுகள் பெயர்ப்பலகைகளாக இருந்தவை. யாருடைய படம் ஒட்டப்படும், யாருடையது ஒட்டப்படாது, யாருடையது ஒட்டினால் இரவோடிரவாகக் கிழிக்கப்படும் என்பது அங்கு கடை வைத்திருந்தவர்களுக்கும் தெரியும், அங்கு அரிசி வாங்க வந்தவர்களுக்கும் தெரியும்.

இலங்கை அரசு செய்ததைப் பற்றி எமக்குள் விவாதம் இல்லை. 1971 ஏப்ரலில் சிங்கள இளைஞரையே ஆயிரக்கணக்கில் கொன்று பழகிய அரசு அது. கவெய்ஞாக் அல்ஜீரியாவிலிருந்து பாரிசுக்கு வந்தார். அங்கே தெற்கில் பழகியது வடக்கே வந்தது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் அது முடிந்தது. அதன்பின் மாவீரர் துயிலும் இல்லங்களை இராணுவம் இடித்துத் தரைமட்டமாக்கியது. வெற்றிவீரன் துட்டகைமுனு, தான் கொன்ற எல்லாளனுக்குச் சமாதி கட்டி, அதைக் கடப்போர் வணங்கிச் செல்லவேண்டும் என்று கட்டளையிட்டான் என்று அவர்களின் மகாவம்சமே சொல்கிறது. அந்தப் பக்கத்தை அவர்கள் படிக்கவில்லை.

நாம் எந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை? 1986 ஏப்ரல் இறுதியில் யாழ்ப்பாணத் தெருக்களில் எரிக்கப்பட்ட ரெலோ இயக்கத்துப் பொடியளும் விடுதலைக்கென்றுதான் வீட்டைவிட்டுப் போனவர்கள். 1989 செப்ரெம்பர் 21இல் சுடப்பட்ட ராஜினி திராணகம எல்லாத் துப்பாக்கிகளையும் பற்றி எழுதியவர். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு ஊரைவிட்டுப் போகக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 1994 மே 1, தொழிலாளர் தினத்தன்று, இந்தப் பாரிசில் சபாலிங்கம் தன் வீட்டில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். 1996 ஒக்ரோபரில் இதே பாரிசில் நாதனும் கஜனும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இவர்கள் ஒரே கருத்துக்காரரல்லர். நேரெதிரானவர்களும் இதில் இருக்கிறார்கள். நாதன், கஜன் படங்களை ஏந்தியவர்கள் சபாலிங்கத்தின் பெயரைச் சொன்னதில்லை. சபாலிங்கத்தை நினைவுகூர்ந்த கூட்டங்களிலும் மற்ற இருவரைப் பற்றிப் பேச்சில்லை. ஒவ்வொரு தரப்பும் தன் இறந்தவர்களை மட்டும் எண்ணி வைத்திருக்கிறது.

பிரெஞ்சுக் குடியரசு ஜோரெசைக் கொன்றவனை விட்டுவிட்டு, பத்தாண்டுகளின் பின் ஜோரெசைப் பாந்தியோனுக்குத் தூக்கிச் சென்றது. அதில் கபடம் இருக்கிறது. ஆனால் அக்கபடத்துக்காகவேனும் அந்தப் பெயர் மெத்ரோச் சுவரில் ஏறியது. பள்ளிக்கூடப் பிள்ளை அதை வாசித்து, யார் இவர், ஏன் கொன்றார்கள் என்று தாயிடம் கேட்க முடிகிறது. ஒரு தேசியம் தன் எதிரிகள் கொன்றவர்களை நினைவில் வைப்பது எளிது. தன் பெயரால் கொல்லப்பட்டவர்களின் பெயரைப் பொது இடத்தில் சத்தமாக வாசிக்க அதனால் முடிகிறதா என்பதைக்கொண்டுதான் அது யாருக்காக நின்றது என்பதை நான் அளக்கிறேன். அத்தாய்க்கு 136 ஆண்டுகள் சென்றன. நசியோன் சதுக்கத்தில் இறந்தவர்களுக்குப் பாரிஸ் நகரசபை நினைவுப் பலகை வைத்தது 2017இல். புதுச்சேரியின் பன்னிரண்டு பேருக்குப் பாரிசில் இன்னமும் ஒன்றும் இல்லை.

எமக்கு அரசு இல்லை, வீதி இல்லை, நிறுத்தம் இல்லை. பெயர்ப்பலகை வைக்கும் அதிகாரம் ஒருநாளும் எம்மிடம் இருந்ததில்லை. ஆகவே பிரெஞ்சுக் குடியரசு சொன்ன சாட்டுகளில் ஒன்றுகூட எமக்குப் பொருந்தாது. எமக்குத் தேவையானது ஒரு கொப்பியும் பேனாவும் மட்டும். கேணலும் பயங்கரவாதியும் துரோகியும் என்ற பட்டங்களை அடித்துவிட்டு, பெயர், ஊர், பிறந்த ஆண்டு, இறந்த நாள், கொன்றது யார் என்ற ஐந்து நிரல்களோடு எல்லோரையும் ஒரே கொப்பியில் எழுதலாம். ஐந்தாவது நிரலை நிரப்புகையில் எமக்குக் கை நடுங்கும். அதை நேரில் கண்டவர்கள் இப்போது அறுபதையும் எழுபதையும் கடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதவேண்டும்.